தங்கிவிட்ட பறவை

தியர்ரா தெல் ஃபுவேகோ தீவின் சிலிப் பகுதியில், போர்வெனிர் ஊரைத் தாண்டினால் சரளைச் சாலைதான். இருபுறமும் கொய்ரோன் புல், ஆட்டுப் பண்ணைகளின் கம்பிவேலி, இடையிடையே ஒட்டக இனத்து விலங்கான குவனாக்கோக் கூட்டம். மரம் என்று ஒன்று கண்ணில் படாது. மேற்கிலிருந்து ஓயாமல் காற்று அடிக்கிறது. கார்க் கதவை இறுகப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

கரைப்பறவையைத் தேடிப் புல்வெளிக்கு வருவானேன்? இந்தப் புல்வெளியின் பள்ளங்களில் உவர்நீர் ஏரிகள் கிடக்கின்றன. அவற்றின் சேற்றிலும் கூழாங்கல்லிலும்தான் மெகல்லன் உப்புக்கொத்தி வாழ்கிறது. உலகம் முழுவதற்கும் சில ஆயிரம்தான். அதன் குடும்பத்தில் வேறு இனமே கிடையாது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, இளஞ்சிவப்புக் கால், சிவந்த கண். அசையாமல் நின்றால் கல்லோடு கல்லாகிவிடும். காலால் மண்ணைக் கிளறத் தொடங்கும்போதுதான் பறவை என்று தெரிகிறது.

பெரும்பாலான கரைப்பறவைகளின் குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே தாமாக இரை பொறுக்கும். இதுவோ தொண்டைப்பையில் இரை சேர்த்துவந்து, புறாவைப் போல, குஞ்சின் வாயில் கக்கி ஊட்டுகிறது. இரண்டு முட்டை இட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அது பறக்கத் தொடங்கிய பிறகும் ஊட்டல் நிற்பதில்லை.

இதே தீவின் கடலோரத்துக்கு ரெட் நாட் என்னும் கரைப்பறவைகள் வட துருவப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் பறந்து வருகின்றன. அவற்றில் ஒன்றுக்கு 1995-இல் தீவின் அர்ஜென்டினாப் பகுதியிலுள்ள ரியோ கிராண்டேயில் வளையமிட்டார்கள். பி95 என்று பெயர். 2014 வரை அது கண்ணில் பட்டது. அதற்குள் நிலவுக்குப் போகும் தூரத்தையும் தாண்டிப் பறந்திருந்தது. அதற்குப் புத்தகம் உண்டு, சிலையும் உண்டு. அந்தப் புகழ் தகுதியானதே. அவை வழியில் இறங்கும் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் குதிரைலாட நண்டுகளை மீன்பிடி இரைக்காக அள்ளியதில், அவற்றின் முட்டையை நம்பிவந்த ரெட் நாட்கள் பசித்துக் குறைந்தன. அந்தச் சேதியைப் பலரிடம் கொண்டுபோனது பி95-இன் கதைதான்.

ஆனால் ஏரிக்கரையில் நின்றபோது என் மனம் தங்கிவிட்ட பறவையின் பக்கமே சாய்ந்தது. எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் இருந்தார். படுக்கையில் விழுந்த பாட்டிக்குப் பல வருஷம் சோறு பிசைந்து ஊட்டியவர். வெளிநாடு போய் வருகிறவர்களைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கும் வீடு அது. அத்தையிடம், உன் நாள் எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்டதில்லை. எவ்வளவு தூரம் போனான் என்பதை வைத்தே ஆளை எடைபோட நாம் எப்போது பழகினோம்? ஒரே கரையில், ஒரே வாய்க்கு, திரும்பத் திரும்ப இரை கொண்டுவருவதற்குக் குறைந்த திராணியா வேண்டும்?

உப்புக்கொத்தியும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. குளிர்காலத்தில் பல பறவைகள் அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே நகர்ந்து, பிறகு திரும்பிவிடும். அத்தையும் எப்போதாவது மகள் வீட்டுக்குப் போய்வருவார், பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால்.

தண்ணீர் குடிக்க இறங்கும் ஆடுகளின் காலில் உப்புக்கொத்தியின் கூடுகள் மிதிபடுகின்றன. முட்டையிடும் மாதங்களில் மட்டுமாவது ஏரிக்கரையின் ஒரு பகுதிக்கு வேலி போடலாம். அதற்கு வேண்டிய கம்பியும் கம்பமும் அந்தப் பண்ணைகளிலேயே இருக்கின்றன.