ஒன்றும் நடக்காத நாட்கள்

மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயில் மாட்டிய வடிகட்டியைச் சில மாதம் கழித்துத் திறந்தால், வீட்டில் யாராவது முகம் சுளித்து, "இந்தத் தண்ணியைத்தான் குடிச்சோமா?" என்பார்கள். மாட்டும்போது வெள்ளை வெளேரென்று இருந்த நூல் சுற்றிய கேட்ரிட்ஜ் செங்காவி நிறமாகியிருக்கும். விரல் பட்டால் வழுக்கும். அழுத்தினால் சேறு பிதுங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வருகிற இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிப் படிந்த நிறம் அது. முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது அதன் உடம்பில் இருக்கிறது.

வடிகட்டி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதை அழிக்க அதற்குத் தெரியாது. எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நூலாக இறங்கத் தொடங்கியதும் "ஃபில்டர் கெட்டுப்போச்சு" என்கிறோம். உண்மையில் அது தன் வேலையை முடித்துவிட்டு நம்மைக் கூப்பிடுகிறது. கூப்பிட்டும் போகாவிட்டால் காரியம் கெடும். கரி அடைத்த வடிகட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீரிலுள்ள குளோரினை உறிஞ்சிவிடும். வாடை போகும், ருசி கூடும். குளோரினின் காவல் நீங்கிய ஈரக் கரியில், பிடிபட்ட அழுக்கையே தின்று கிருமிகள் பெருகவும் செய்யும். காக்க வைத்த பொருளே கிருமிக்கு வீடாகிவிடும். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியதும் ஃபில்டரில் முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

வீட்டு ஃபில்டருக்குப் பொருந்துவது ஊர் வடிகட்டிக்கும் பொருந்தும். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் பெருமளவு தப்பியது. இரண்டுக்கும் எல்பே ஆற்று நீர்தான். சொல்லப்போனால் ஆல்டோனா எடுத்தது, ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு கீழே வருகிற நீரை. அதை மணற்படுகையில் மெதுவாக வடித்துக் கொடுத்தார்கள். ஹாம்பர்க்கில் வடிக்காமல் கொடுத்தார்கள். இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். என்னை அதிகம் உறுத்துவது அதற்கு அடுத்து நடந்தது. சில மாதங்களிலேயே, 1893இன் தொடக்கத்தில், ஆல்டோனாவிலும் சிறிய அளவில் காலரா தலைகாட்டியது. குளிர்காலத்தில் சுத்தம் செய்தபோது ஒரு மணற்படுகை உறைபனியால் கெட்டு, சரியாக வடிக்காமல் போனதே காரணம் என்று கிருமி ஆய்வாளர் ராபர்ட் காக் கண்டார். ஊரையே காப்பாற்றிய அதே வடிகட்டிதான். ஒரு தடவை பராமரிப்பு பிசகியது, வியாதி உள்ளே வந்துவிட்டது. போன வருஷம் காப்பாற்றியது இந்த வருஷக் கணக்கில் சேராது.

அந்த மணலில் இன்னொரு பாடமும் உண்டு. மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் உண்டாகும். கிருமிகளைத் தடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். படலம் தடித்து நீர் இறங்காமல் போனால் மேல்மணலைச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டியதும் வரும் நீரை உடனே குடிக்கக் கொடுக்கக்கூடாது, புதுப்படலம் கட்டும்வரை பொறுக்க வேண்டும். 1914இல் சென்னைக்காகக் கீழ்ப்பாக்கத்தில் அமைத்த மணல் வடிகட்டிகளும் இந்த வகைதான். நம் வீடுகளில் இருந்த எவர்சில்வர் ஃபில்டரின் பீங்கான் கேண்டிலுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. சோப்பு படாமல் மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அது மெலியும். மெலிந்து விரிசல் விட்டபின், பார்க்க எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் பயனில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் ஆவேசமாகத் தேய்ப்பதைவிட, எப்போது கை வைப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைதான் தண்ணீரைக் காக்கும்.

தொட்டிக்கும் இந்த நிதானம் தேவை. அடியில் வண்டல் கிடக்க, மேலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மருந்தின் வீரியமெல்லாம் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். முதலில் வண்டலை வெளியேற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து அதற்குப் பிறகு. சுவரையும் விடக்கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச்சுவரில்தான் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்தே மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். தொட்டியைக் காலி செய்து நிரப்புவதால் மட்டும் அவை போகா.

இந்த வேலைக்கு யாரும் பேர் வாங்கியதில்லை. நன்றாகச் செய்திருந்தால் ஒன்றுமே நடக்காது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராது, யாரும் மருத்துவமனைக்கு ஓட மாட்டார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை எந்த விசேஷமும் இல்லாமல் கழியும். அந்தச் செவ்வாய்க்கிழமையை நமக்குத் தந்தவர் முழங்காலிட்டுத் தொட்டிச் சுவரைத் தேய்த்தவர். அவர் வீட்டிலுள்ள அம்மாவாக இருக்கலாம், கூலிக்கு வந்தவராகவும் இருக்கலாம். நாம் நிம்மதி என்று அனுபவிப்பதில் பெரும்பங்கு இப்படி யாரோ ஒருவர் தவறாமல் செய்து, நம் கண்ணில் படாமலே போன வேலை.

அதனால் அடுத்த முறை தொட்டி கழுவும்போது நீங்களும் கூட நில்லுங்கள். தரைக்கடியில் சம்ப் இருந்தால் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடுங்கள். மேலே ஒருவர் காவல் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் தொட்டி மூடியில் தேதியை எழுதி, பக்கத்திலேயே கழுவியவர் பெயரையும் எழுதுங்கள்.