உழைப்பவன் ஊருக்குப் புறம்பாவதேன்?



வேலை கிடைத்துவிட்டால் மனிதனுக்கு மதிப்பும் கிடைத்துவிடும் என்று உலகோர் கூறுவர். அது முழு உண்மையன்று. நாள்தோறும் உழைத்தும் ஊரோடு ஒட்டாது, சபையில் இடமின்றி வாழ்வோர் பலர் உளர். வேலையின் நிலைமையே அவர்களைப் புறத்தே தள்ளுகிறது.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாற்றை நோக்குங்கள். நூற்புப் பகுதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் திரளாக உழைத்தனர். கூலி மிகுந்த தறிப் பகுதியிலோ அவர்களுக்கு இடமில்லை. காரணம் யாது? நாடாவில் புதுத் தார் மாட்டும்போது நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பது அந்நாள் வழக்கம். அவர்கள் வாய்பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றனர், உடனுழைத்த தொழிலாளரே! 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துரைத்தார். 1938இல் மன்மாட்டில் கூடிய ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பிராமணியம், முதலாளித்துவம் என இரு பகைவரைச் சுட்டினார். சமத்துவத்தை மறுக்கும் மனப்பான்மையே முன்னது. அஃது எல்லா வகுப்பாரிடமும் உண்டு என்றும் விளக்கினார்.

பகவன் புத்தர் சிகாலனுக்கு அருளிய உபதேசத்தில், வேலையாட்களுக்கு எஜமான் செய்யத்தக்க கடமைகள் ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றகால் பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல். ஊதியத்தோடு பகவன் நிறுத்தினாரில்லை என்பதைக் கவனியுங்கள். பகிர்ந்துண்ணாத இடத்தில் தோழமை இல்லை. ஓய்வில்லாதவன் திருமணத்திற்கும் செல்லான், துக்கத்திற்கும் செல்லான். நாளடைவில் அவனை அழைப்பாரும் இரார். ஆலையில் இரவு ஷிப்டு பார்த்த எனக்கு இது ஏட்டுப் படிப்பன்று.

இன்று பாதாளச் சாக்கடையில் இறங்குவோரை எண்ணுங்கள். பாதுகாப்புக் கருவிகளின்றி அங்ஙனம் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் மாண்டோரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2023இல் உச்சநீதி மன்றம் ஆணையிட்டது. மாண்டபின் இழப்பீடு பெறும் அம்மனிதனுக்கு, உயிரோடிருக்கையில் ஒரு குவளை நீர் தர எத்தனை வீடுகள் முன்வருகின்றன? கையுறையும் குளிக்க நீரும் வார விடுமுறையும் கொடாதவர்கள், பின்னர் அவன்மேல் நாற்றம் வீசுகிறதென்று விலகுகின்றனர். நாற்றம் அவனுடையதா? அவனை அவ்வாறு வைத்திருப்போருடையதா?

பந்துக்களே! துப்புரவுத் தொழில் செய்த சுனீதரைப் பகவன் விலக்கினாரில்லை, சங்கத்தில் சேர்த்தருளினார். நாமும் அவ்வழி நிற்போமாக. பௌர்ணமிக் கூட்டத்தை ஷிப்டு முடிந்து வருவோரும் கலந்துகொள்ளும் வேளையில் வைப்போம். வேலை உடையுடன் வருபவருக்கு முன்வரிசையில் பாய் விரிப்போம். அவர் உரிமை கேட்கும் நாளில் அவர் அருகில் நிற்போம். வாயால் மைத்ரி கூறிக் காலால் விலகுவது தர்மமாகாது.

சாது! சாது! சாது!