மூன்று விரல் வைத்து

காலை ஐந்தே முக்கால். வத்தல்மலை அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டியாயிற்று. கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 78 என்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் 62 காட்டும். ஏற்றம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஏறப்போகிறோம் என்கிற சேதி காலுக்குப் போவதற்குள் நெஞ்சுக்குப் போய்விடுகிறது.

போன மாதம் இதே சாலையில், ஏழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும், கடிகாரம் 204 காட்டியது. எனக்கு வயது 27. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. வாரம் நான்கு நாள் ஓடுகிறவன். அதுவரை 150 சொச்சத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த எண் அப்படித் தாவியதும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது 120.

இந்த நோட்டு அதற்குப் பிறகு வாங்கியது.

*

இசிஜி எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். எல்லாம் நார்மல். டாக்டர் அந்த 204ஐப் பற்றி ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"எப்படி ஆரம்பிச்சுது? சுவிட்ச் போட்ட மாதிரி சட்டுனா, இல்ல மெல்ல ஏறுச்சா? நிக்கும்போது எப்படி நின்னுது?"

தெரியவில்லை. என் நெஞ்சுக்குள் நடந்ததை நான் கைக்கடிகாரத்தில்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அறையில் வெட்கமாக இருந்தது.

ஓடும்போது மயக்கம் வந்ததா, மார்வலி உண்டா, வீட்டில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். ஒன்றுக்காவது ஆமாம் என்றிருந்தால் என்னை இந்த மலைப்பக்கமே விட்டிருக்க மாட்டார். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்றார். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையைத் தொட்டுவிட்டுப் போகும். அப்படித் தொட்டிருந்தால் ஓட்டமெல்லாம் சில மாதங்களுக்குக் கிடையாது. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். ரத்தச்சோகை உள்ளவருக்கு ஒரு துடிப்பு சுமக்கும் ஆக்ஸிஜன் குறைவு, அதை ஈடுகட்ட இதயம் கூடுதல் நடை போகிறது. நேர்க்கணக்கு. என் ரத்தம் சரியாக இருந்தது.

24 மணி நேரம் மார்பில் ஒயர் ஒட்டிக்கொண்டு, துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஒரு ஹோல்டர் கருவியும் சுமந்தேன். அமெரிக்காவின் மோன்டானாவில் நார்மன் ஹோல்டர் என்பவர் 1940களின் கடைசியில் முதலில் செய்தது முதுகில் மாட்டும் மூட்டை, 38 கிலோ. அதை மாட்டிக்கொண்டு அவரே உடற்பயிற்சி சைக்கிள் மிதித்திருக்கிறார். எனக்குக் கொடுத்தது தீப்பெட்டி அளவு. அன்று முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. வராத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருந்த மாதிரி.

கிளம்பும்போது சொன்னார்: "திரும்ப வந்தா வாட்ச்சைப் பாக்காதீங்க. மணிக்கட்டுல மூணு விரல் வைங்க."

*

மூன்று விரல். சித்த வைத்தியர் வைப்பதும் அதே மூன்றுதான். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம், அதாவது கபம். ஒன்று, அரை, கால் என்று அவற்றுக்கு அளவு. நாடியின் நடையைச் சொல்ல அவர்கள் எண்ணைத் தேடிப் போகவில்லை, உயிர்களிடம் போனார்கள். வாதம் அன்னம் போல, கோழி போல, மயில் போல நடக்கும். பித்தம் ஆமையும் அட்டையும். ஐயம் தவளையும் பாம்பும். இதை வைத்து என் 204க்கு மருந்து தேட மாட்டேன். ஆனால் டாக்டர் கேட்டதும் நடையைத்தானே? தத்தித் தாவியதா, ஊர்ந்து ஏறியதா?

ஐரோப்பாவில் நாடியை நிமிடக் கணக்கில் எண்ண ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு கடிகாரமே செய்வித்து 1707இல் புத்தகம் போட்டார். காலப்போக்கில் நாடி என்றால் எண் என்றாயிற்று. நான் அந்த வழியில் வந்தவன், மறுக்கவில்லை.

*

முதல் வளைவு. கிழக்கு வெளுக்கிறது. 118.

220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று எல்லா ஜிம் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. எனக்கு 193. அப்படியானால் 204 என்பது எல்லை தாண்டியது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். அந்தக் கணக்கு 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய கட்டுரை வழியாகப் பரவியது. அதற்கு முன் வெளியான ஆய்வுகளின் எண்களைக் கூட்டிவைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு. 2001இல் தனகா என்ற ஆய்வாளரின் குழுவினர் கூடுதல் ஆட்களைப் பார்த்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிக்கச் சொன்னார்கள். அதன்படி எனக்கு 189. இரண்டுமே கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சகஜம். 27 வயதென்றால் எட்டாம் நம்பர் செருப்பு என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவாரா?

சுவரில் ஒட்டிய அட்டவணையால் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். எனக்கு மூன்று இரவு.

*

மூன்றாம் வளைவுக்கு அப்புறம் சற்றுச் சமமான இடம். இங்கே ஒரு சோதனை. மெல்ல ஓடினேன். கடிகாரம் 168. ஓடிக்கொண்டே கழுத்தில் விரல் வைத்துப் பத்து விநாடி எண்ணினேன்: 23. ஆறால் பெருக்கினால் 138. திரும்ப எண்ணினேன், 23தான். பிறகு பத்து விநாடியில் விழும் காலடிகளை எண்ணினேன்: 28. ஆறால் பெருக்க, 168.

கடிகாரம் என் கால்களை எண்ணிக்கொண்டிருந்தது.

அதன் அடியில் பச்சை விளக்கு இருக்கிறது. ரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. கை வீசி ஓடும்போது, பட்டை தளர்ந்திருந்தால், வேர்வையில் வழுக்கினால், காலடி அதிர்வும் ஒளியில் கலந்துவிடும். இரண்டு தாளம் கேட்கிறது, பலமாகக் கேட்பதைப் பிடித்துக்கொள்கிறது. திருவிழாவில் உடுக்கைக்கு நடுவே பறையைப் பிடித்துக்கொள்ளும் காது போல. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்சாரத்தையே வாங்குவதால் இந்தக் குழப்பம் குறைவு.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு நிமிடம் சிரித்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் உறைத்தது. ஏறும் மலைச்சாலையில் நிமிடத்துக்கு 204 அடி யார் வைப்பது? நான் அன்று ஓடவே இல்லை, நடந்தேன். ஆக அன்றைய 204க்கு இந்த விளக்கம் செல்லாது. வேறு ஏதோ கோளாறாக இருக்கலாம், உண்மையான துடிப்பாகவும் இருக்கலாம்.

*

உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பக்கமும் காடு. மேலே போகப் போக சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, அதன்மேல் படர்ந்த மிளகுக்கொடி. சாமையும் ராகியும் போட்ட சரிவுகள். இந்தத் தார்ச்சாலை வருவதற்கு முன் மேலே உள்ள ஊர்க்காரர்கள் ஒற்றையடித் தடத்தில்தான் ஏறி இறங்கினார்கள். முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களின் நெஞ்சு எத்தனை அடித்தது என்று எந்த நோட்டிலும் இல்லை.

இதயத்தைத் தனியாக விட்டால், எந்த நரம்பும் அதனிடம் பேசாமல் இருந்தால், இந்த வயதில் நிமிடத்துக்கு நூறு சொச்சம் துடிக்கும். அதுதான் அதன் சொந்த நடை. உட்கார்ந்திருக்கையில் 62 என்பது ஒரு நரம்பு இழுத்துப் பிடித்திருப்பதால். அதன் பெயர் வேகஸ். பெயரில் வேகம், வேலையில் நிதானம். லத்தீனில் அலைந்து திரிவது என்று பொருளாம். மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை அலைகிறது. ஏற ஆரம்பித்ததும் முதலில் இது பிடியை விடுகிறது. அதிலேயே நூறு வரை வந்துவிடும். அதற்குமேல்தான் அட்ரினலின் வகையறா வந்து விரட்டுகிறது. நின்றதும் வேகஸ் மறுபடி கயிற்றைப் பிடிக்கிறது. கடும் பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் பன்னிரண்டு துடிப்புக்குமேல் இறங்கினால் பிடி நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி, 1921இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தவளை இதயத்தை உப்புநீரில் வைத்து, வேகஸ் நரம்பைத் தூண்டி, அது மெதுவானதும் அந்த நீரை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. பேச்சு நீர் வழியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. சோதனையின் யோசனை கனவில் வந்தது என்பார். முதல் நாள் இரவு எழுந்து கிறுக்கியதைக் காலையில் படிக்க முடியாமல், மறுநாள் இரவு அதே கனவு வந்ததும் நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டாராம்.

மூச்சை உள்ளே இழுத்தால் இந்தப் பிடி கொஞ்சம் தளர்கிறது, விட்டால் இறுகுகிறது. விரல் வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டால் நடை தளர்வது விரலுக்கே தெரிகிறது. அரைமணியாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவேளை தியானம் என்பது இவ்வளவுதானோ. தெரியாதவன் சொல்லக்கூடாது.

*

டாக்டர் சொன்ன அந்த 'சுவிட்ச்' பற்றி.

உழைப்பால் ஏறும் துடிப்பு படி ஏறி வரும், படி இறங்கிப் போகும். வெயில், தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை, காபி எல்லாம் படியை உயர்த்தும், அவ்வளவுதான். வேர்த்து ரத்தத்தில் நீர் குறைந்தால், அதே வேகத்தில் நடந்தாலும் மணிக்கணக்கில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். இன்னொரு வகை உண்டு. இதயத்தின் மின்பாதையில் பிறவியிலேயே ஒரு கூடுதல் சந்து இருந்து, அதில் மின்னோட்டம் வட்டமடிக்க ஆரம்பித்தால், ஒரே துடிப்பில் 150க்கும் 250க்கும் நடுவே எங்கேயோ தாவிவிடும். நிற்கும்போதும் ஒரே துடிப்பில் நிற்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க நீச்சல் வீராங்கனை டேனா வால்மருக்கு இது இருந்தது. 2003இல், பதினைந்து வயதில், சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தொடர்நீச்சலில் தங்கம்.

அந்தத் தாவலை நிறுத்த ஒரு வழி, முக்குவது. மூச்சை அடைத்து மலங்கழிக்க முக்குவது போல. 2015இல் இங்கிலாந்தில் 428 நோயாளிகளிடம் பார்த்தார்கள். சாய்ந்து உட்கார்ந்து முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்கு நின்றது. முக்கி முடித்ததும் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தவர்களில் 43 சதவீதம். காலைத் தூக்கியதில் அவ்வளவு வித்தியாசம்.

இந்த முக்கலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இசிஜி கருவியோடு இந்தியா வந்து, யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரைப் பதிவு செய்தார். இதயத்தை நிறுத்துகிறார் என்று பேசப்பட்டது. பின்னர் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அப்படிச் சொல்லப்பட்ட யோகிகளைத் தேடிப் போய்ச் சோதித்து 1961இல் எழுதினார்கள். மூச்சடைத்து மார்பை இறுக்கும்போது இதயத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி காணாமல் போகிறது, ஸ்டெதாஸ்கோப்பிலும் சத்தம் அமுங்கிவிடுகிறது. இசிஜி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. விரலும் தவறும் என்று இங்கே எழுதிவைக்க வேண்டும். டாக்டரின் மூன்று விரலுக்கு நான் அதிகமாகத்தான் மரியாதை கொடுத்துவிட்டேன்.

*

ஏழாம் வளைவு. அதே தடுப்புச் சுவர்.

வந்தது. படபடப்பு. கடிகாரத்தைப் பார்க்காமல் விரல் வைத்தேன். வேகம், ஆனால் எண்ண முடிகிற வேகம். பத்து விநாடிக்கு 27. அடுத்த பத்தில் 26. பிறகு 24. பிறகு 22. படி இறங்குகிற மாதிரிதான் இருந்தது. நோட்டில் எழுதினேன்: 'மெல்ல.' போன மாதம் நடந்ததும் இதுதானா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கீழேயிருந்து விறகுச் சுமையோடு ஒரு ஆயா ஏறி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"ஏஞ்சாமி உக்காந்துட்ட?"

"ஒன்னுமில்ல ஆயா. நெஞ்சு அடிச்சுக்குது, எண்ணிப் பாக்கறேன்."

"அடிச்சுக்காம என்னா பண்ணும்?" சுமையைச் சுவரில் சாய்த்தாள். "நாடி புடிக்கத் தெரியுமா? எனக்கும் பாரு."

கையை நீட்டினாள். கண்ணாடி வளையலை மேலே தள்ளி மூன்று விரலை வைத்தேன். பால்சிலம்பில் பேத்தி வீடு, பேருந்து எத்தனை மணிக்கு, போன வருசம் மிளகு என்ன விலை போனது என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினொன்றில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.