செம்புக் காசும் சகோதரத்துவமும்

பழம்பொருள் சேகரிப்போர் விரும்பித் தேடுவனவற்றுள், அமெரிக்க நாட்டுப் பிரீமேசன் சங்கத்தாரின் ராயல் ஆர்ச் கிளைகள் தம் அங்கத்தினர்க்கு வழங்கிய செம்புக் காசும் ஒன்று. ஒருபுறம் கிளையின் பெயரும் ஊரும், 'ஒரு பென்னி' என்னும் சொல்லும் இருக்கும். மறுபுறம் வளைவின் உச்சிக்கல்லும், வட்டமாக எட்டு எழுத்துக்களும், நடுவே உடையவர் தம் குறியைப் பொறித்துக்கொள்ள வெற்றிடமும் காணப்படும். அதிலுள்ள வருஷம் பெரும்பாலும் கிளை தோன்றிய வருஷமேயன்றி, காசு அடித்த வருஷமன்று; புதியவர் இதில் ஏமாறுவர்.

இக்காசின் கருத்து யாது? திராட்சைத் தோட்டத்தில் காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த பைபிள் கதையே அதன் வேர். கூலியின் அருமை அறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

ஆயின், சமத்துவத்தைச் செம்பில் பொறித்தோர் அதனை நெஞ்சில் பொறித்தனரா? 1775-ல் பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்னும் கறுப்பரும் அவர் தோழர் 14 பேரும் பிரிட்டிஷ் பட்டாளத்துச் சங்கமொன்றில் சேர்ந்தனர். 1784-ல் இங்கிலாந்துத் தலைமைச் சங்கம் அவர்களுக்குச் சாசனமும் அளித்தது. அமெரிக்க வெள்ளையர் சங்கங்களோ அவர்களைச் சகோதரரென ஏற்க மறுத்தன. கனெக்டிகட் மாநிலத் தலைமைச் சங்கம் ஏற்றது 1989-லேதான். இடையில் கழிந்தவை 205 ஆண்டுகள்!

காசு பொய்யன்று, அதைச் சுமந்தோரே பொய்த்தனர். மேடையில் 'சகோதரரே' என விளித்து, பந்தியில் சாதி கேட்போரும் அவ்வினத்தவரே. ஆதலின், எச்சங்கத்தையும் அதன் சின்னத்தால் அளவாதீர். அதன் வாயிலில் நிறுத்தப்பட்டவன் யார் என்று கேட்டு அளவுங்கள்.