உடல் எதைத் தனதாகக் கொள்கிறது?

உடலின் எல்லை எதுவெனக் கேட்டால் தோலைக் காட்டுவது எளிது. நுரையீரலை எண்ணிப் பார்த்தால் அந்த விடை நிலைப்பதில்லை. மூச்சுக்குழாய்கள் கிளைத்துக் கிளைத்து முடியும் இடத்தில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள், அதாவது காற்றுக்கும் குருதிக்கும் இடையே வாயுக்கள் கைமாறும் சிறு பைகள், அமைந்துள்ளன. அங்கே அவ்விரண்டையும் பிரிக்கும் சவ்வின் தடிமன் பெரும்பாலும் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. பிராணவாயு ஊடுருவ அது மெல்லியதாகவே இருந்தாக வேண்டும் என்பதால், தூசியும் மகரந்தமும் கிருமியும் வந்து சேரும் அந்த இடத்தைக் காக்கும் பொறுப்பின் பெரும்பகுதி நோயெதிர்ப்பு மண்டலத்தின் மேல் விழுகிறது. நுண்ணறைகளில் உலவும் பெருவிழுங்கிகள் என்னும் காவல் அணுக்கள் வந்து படியும் துகள்களை விழுங்குவதோடு, தேவையற்ற அழற்சி மூளாமலும் பார்த்துக்கொள்கின்றன. எதிர்ப்பதைப் போலவே பொறுத்துக்கொள்வதும் அவற்றின் கடமை. தீங்கற்ற மகரந்தத்தையே பகையாகக் கொள்ளும் உடலில்தான் ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா மூச்சை நெரிக்கிறது.

தனது எது, அயலானது எது என்று உடல் எவ்வாறு அறிகிறது? அது கருவிலேயே முற்றாக எழுதப்பட்ட அறிவு அல்ல என்பதை 1953-இல் பீட்டர் மெடவார், ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட் ஆகியோர் வெளியிட்ட சோதனை காட்டியது. தாய் வயிற்றில் இருந்த சுண்டெலிக் கருக்களுக்குள் வேறோர் இனவழியின் உயிரணுக்களைச் செலுத்தி, அவை பிறந்து வளர்ந்தபின் அதே இனவழியின் தோலை ஒட்டியபோது, சில நாட்களில் அழிந்து உதிர்ந்திருக்க வேண்டிய ஒட்டு சில எலிகளில் நிலைத்து, பழுப்பு உடலில் வெண்மயிர்த் திட்டாகச் செழித்தது. தொடக்கத்தில் உடனிருந்ததை அவ்வுடல்கள் தமதாகவே ஏற்றுக்கொண்டன. மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில், உடலின் சொந்தக் கூறுகளை வலுவாகத் தாக்கக்கூடிய, டி அணுக்கள் என்னும் இளம் நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. தப்பிச் செல்பவற்றை அடக்கி வைக்கத் தனி அணுக்கள் வாழ்நாள் முழுதும் உழைக்கின்றன. ஆகவே உடலின் ‘தான்’ ஓயாது நடந்துவரும் ஒரு பயிற்சியின் விளைவு.

உடலைத் ‘தான்’ எனக் கொள்ளலாமா என்ற கேள்வி பழையது. புத்தர் இசிபதனம் என்னும் இடத்தில் ஐந்து துறவிகளுக்கு, எதுவும் ஆன்மா அன்று என்னும் அனாத்மக் கொள்கையை விளக்கியபோது, உடலே ஆன்மாவாயின் அது நோயுறாது, இவ்வாறு இரு என்று அதற்குக் கட்டளையிடவும் இயலும் என வாதிட்டதாகப் பாலி மரபு சொல்கிறது. மூச்சு இவ்வாதத்தைக் கூர்மையாக்குகிறது: சிறிது நேரம் அடக்கலாம் என்பதால் அது நம் ஆணைக்கு உட்பட்டதுபோல் தோன்றினாலும், குருதியில் கரியமிலவாயு மிகுந்தவுடன் மூளைத்தண்டு மனவுறுதியை மீறி மூச்சை இழுக்க வைத்துவிடுகிறது. நோயெதிர்ப்போ அந்த அளவுக்கும் இணங்குவதில்லை.

உடல் ஆன்மா அன்று என்பது தமக்கும் உடன்பாடே என்று, ஆன்மா உண்டு எனக் கொள்ளும் வேதாந்தியும் சைவ சித்தாந்தியும் மறுமொழி கூறுவர். அது நியாயமே, எலியின் தோல் எந்த ஆன்மாவையும் மறுக்கவில்லை. ஆனால் பிறப்பால் வந்த குருதித் தூய்மை என ஒன்றை உடலில் நிறுவ முயல்வோருக்கு இங்கே பிடிமானம் ஏதுமில்லை. ஈன்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பிள்ளையின் உயிரணுக்கள் தாயின் குருதியில் உயிரோடு இருப்பது கண்டறியப்பட்டுள்ளது.