துடைப்பமும் வெர்னியரும்

"எந்த ஊருப்பா நீ?"

நம்ம பக்கத்தில் சாதியைக் கேட்கிறவன் சாதி என்ற சொல்லை வாயில் எடுப்பதே இல்லை. ஊரைக் கேட்பான். ஊரைச் சொன்னால், "கோயிலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்பான். அந்தாண்ட என்றால் சேரி. கேட்டவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சொன்னவனுக்குத்தான் தொண்டையில் என்னவோ அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தியவன் நான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2023லிருந்து இரண்டு வருசம் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வகுப்பெடுத்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று எந்த டிரேடு படித்தாலும் 'வேலைவாய்ப்புத் திறன்' என்று ஒரு பாடம் உண்டு. நேரத்துக்கு வருவது, சட்டையை உள்ளே விடுவது, மேலே இருக்கிறவரிடம் எப்படிப் பேசுவது, இன்டர்வியூவில் எப்படி உட்காருவது எல்லாம் அதில் வரும். அரம் பிடிக்கத் தெரியாத நான் தொழில் ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் மாதிரி இன்டர்வியூ. நான்தான் எச்.ஆர். மேனேஜர். ஒரு பையன் எதிரே வந்து உட்கார்ந்தான். எந்த ஊர் என்றேன். ஊர் பேரைச் சொல்லி, "காலனி சார்" என்றான். நான் நிறுத்தினேன். "கம்பெனியில கேட்டா ஊர் பேரை மட்டும் சொல்லுப்பா. காலனியெல்லாம் எதுக்கு? கேக்காததைச் சொல்லக் கூடாது. அதுதான் ப்ரொஃபஷனல்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "நீங்க இங்க சேரும்போது இன்னா சார் சொன்னீங்க?" என்றான்.

வகுப்பில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. "டைம் ஆச்சு, அடுத்த ஆளு வா" என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன சொன்னேன்? பஸ் நிற்கிற ரோட்டுப் பேரைச் சொன்னேன். மேடையில் ஏறினால் தலித் விடுதலை பேசுகிறவன், பத்திரிகையில் சொந்தப் பெயரில் எழுதுகிறவன், அந்த ஸ்டாஃப் ரூமில் ரோட்டுப் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். பையன்களுக்கு அது தெரிந்திருந்தது. வாத்தியார் வாயால் ஒரு பாடம் நடத்துகிறார், உடம்பால் இன்னொரு பாடம் நடத்துகிறார். பரீட்சைக்கு முதல் பாடத்தை எழுதுகிறார்கள், பிழைப்புக்கு இரண்டாவதை வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் தொழில் ஒழுக்கம் என்று எதைச் சொல்வது? அடங்கிப் போவதையும் ஒழுக்கத்தையும் எந்த அளவுகோலால் பிரிப்பது? இதை எனக்குக் காட்டியவர் அதே ஐ.டி.ஐ.யில் இருந்த ஃபிட்டர் இன்ஸ்ட்ரக்டர். அரசாங்க ஐ.டி.ஐ.யில் இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். நம்ம ஆள். சேர்ந்த முதல் நாளே ஸ்டாஃப் ரூமில் தன் காலனிப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாராம்.

ஃபிட்டருக்கு முதல் பாடம் ராவுவது. ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, சதுரமாக்க வேண்டும். அந்தத் துண்டுக்கு 'ஜாப்' என்று பேர். ஒருநாள் அவர் செய்து காட்டிய ஜாப் ஐம்பது மில்லிமீட்டருக்கு வர வேண்டியது. 0.04 வரை கூடலாம், குறையலாம். செய்து முடித்து, வெர்னியரை முன்வரிசைப் பையனிடம் கொடுத்து "படிடா" என்றார். அவன் படித்தான். மறுபடி படித்தான். "நாப்பத்தொம்பது புள்ளி எட்டு ஆறு சார்" என்று முணுமுணுத்தான். "பாஸா, ஃபெயிலா?" பதில் இல்லை. "ஃபெயில்னு சொல்லேன்டா. நான் ராவினா இரும்பு தேயாதா?" என்று ஜாப்பை எடுத்து ஸ்க்ராப் டப்பாவில் போட்டார். வேறொரு துண்டை வைஸில் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வாத்தியாரின் வேலையையும் மாணவனின் வேலையையும் ஒரே வெர்னியர் அளந்தது. அளந்ததை மாணவன் வாயால் சொல்ல வைத்தார். இதற்கு மேல் எந்தப் புத்தகத்தில் தொழில் ஒழுக்கம் இருக்கிறது?

துடைப்பத்தின் கதையும் உண்டு. அவர் வருவதற்கு முன் ஷாப்பைக் கூட்டியது எப்போதும் அதே நாலு பையன்கள்தான். யாரும் உத்தரவு போடவில்லை. பெல் அடித்ததும் துடைப்பம் தானாகவே அந்த நாலு கைக்குப் போகும். நாலு பேரும் எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் வந்து ரிஜிஸ்டர் வரிசைப்படி முறை வைத்தார். முதல் பெயர் தன்னுடையது. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கூட்டினார், பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது வாரம் ஊர்த்தெருப் பையன் ஒருவனின் அப்பா வந்துவிட்டார். "எம் புள்ளயக் கூட்டிப் பெருக்கவா அனுப்பினேன்?" என்றார். "நானே கூட்டறேங்களே" என்றார் இவர். அந்த ஆள் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "நீங்க கூட்டுவீங்க. எம் புள்ள ஏன் கூட்டணும்?"

நம்மில் ஒருவன் வாத்தியாராகி முன்னே நடந்து காட்டினாலும், அவன் செய்து காட்டுகிற ஒழுக்கத்தையே அவன் சாதியின் வேலையாகப் பார்க்கிற கண் இது. வேறு ஒருவர் கூட்டியிருந்தால் 'எளிமை' என்று பாராட்டியிருப்பார்கள். நம்ம ஆள் கூட்டினால் 'வழக்கம்' என்கிறார்கள். தலித் ஆசிரியன் முன்மாதிரியாக இருப்பதற்கு இப்படி இரட்டை விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "கூட்டாதவனுக்கு நான் வெர்னியர் குடுக்கிறதில்லீங்க. இஷ்டமில்லன்னா அழைச்சிட்டுப் போங்க" என்றார். மேனேஜ்மென்ட் கூப்பிட்டு ஃபீஸ் போய்விடும் என்று கடிந்துகொண்டது. அந்தப் பையன் போகவில்லை. அவன் முறை வந்தபோது கூட்டினான். சரியாகக் கூட்டவில்லை என்று இவர் மறுபடி கூட்டச் சொன்னார்.

இந்தப் பகுதிக் கம்பெனிகளில் சுவருக்குச் சுவர் 'ஃபைவ் எஸ்' போர்டு தொங்குகிறது. ஜப்பானிலிருந்து வந்த ஐந்து சொற்கள்: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. மூன்றாவதான செய்சோவுக்கு அர்த்தம் சுத்தம் செய்வது. அவனவன் இடத்தை அவனவன் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அதன் உயிர். சொல் கப்பலேறி ஒரகடம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கக்கூஸ் பக்கம் போய்ப் பாருங்கள். 'ஹவுஸ் கீப்பிங்' என்று முதுகில் எழுதிய சட்டையோடு கான்ட்ராக்டில் நிற்பது பெரும்பாலும் நம் தெருப் பொம்பளைகள். நாலு சுவருக்குள் ஜப்பானும் மனுவும் சண்டையில்லாமல் குடித்தனம் பண்ணுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார் கம்பெனிக்கு முன்னால் ராமானுஜர் பிறந்த ஊர். அவரும் நடந்து காட்டிய குரு என்றுதான் சொல்கிறார்கள். காவிரிக்குக் குளிக்கப் போகும்போது பார்ப்பன சீடரான முதலியாண்டான் தோளில் கை வைத்துப் போவாராம். குளித்துவிட்டு வரும்போது பார்ப்பனரல்லாத உறங்காவில்லி தாசர் தோளைப் பிடித்து வருவாராம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. குரு சீடன் தோளில் சாய்ந்தார். சீடன் என்றைக்காவது குருவின் தோளில் சாய்ந்தானா? மேலே இருப்பவர் இரக்கப்பட்டு இறங்கி வருவது வேறு, இரண்டு பேரையும் ஒரே விதி கட்டுவது வேறு. ஃபிட்டர் சாரின் ரிஜிஸ்டர் இரண்டாவது வகை.

நான் கண்டுகொண்ட அளவுகோல் இதுதான். கீழே இருப்பவனை மட்டும் கட்டுகிற விதி சாதி. சொல்பவனையும் கேட்பவனையும் சேர்த்துக் கட்டுகிற விதி தொழில். லேட்டாக வந்த மாணவனை வெளியே நிறுத்திவிட்டு வாத்தியார் பத்து நிமிசம் கழித்து வந்தால், அங்கே நேரம் தவறாமை என்கிற பாடம் நடக்கவில்லை. யார் யாரைக் காக்க வைக்கலாம் என்கிற பாடம் நடக்கிறது. அது நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பாடம், அதற்கு ஐ.டி.ஐ. வேண்டியதில்லை.

ஐ.டி.ஐ. என்பது நமக்குச் சின்ன விசயம் இல்லை. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954ல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் வாத்தியார் அப்பன், தொழில் பிறப்பு. ஐ.டி.ஐ.யில் பறை அடிப்பவர் மகனும் பண்ணை வைத்திருப்பவர் மகனும் ஒரே வைஸ் மேசையில் நின்று, சொந்தமில்லாத ஒருவரிடம், பிறப்பில் வராத தொழிலைக் கற்கிறார்கள். வருணத்துக்கு எதிராக இதைவிட நேரான ஏற்பாடு கிடையாது. அதனால்தான் அங்கே துடைப்பம் யார் கைக்குப் போகிறது என்பது அற்ப விசயம் இல்லை என்கிறேன். ஒரு இன்ஸ்ட்ரக்டர் கண்டும் காணாமல் இருந்தால் குலக்கல்வி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

சொல்லாமல் விடுவதும் ஒரு பாடம்தான். பையன்கள் இங்கிருந்து அப்ரன்டிஸாகப் போகிறார்கள். 1961ஆம் வருட அப்ரன்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அப்ரன்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. அதே சட்டத்தின் 3ஏ பிரிவு தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. டை கட்டக் கற்றுக்கொடுத்த நான் இந்த இரண்டையும் ஒருநாளும் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் பக்கம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சங்க அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அந்த நாட்களில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் "ஒழுக்கம் கெட்ட பசங்க" என்றார்கள். ஃபிட்டர் சார் மட்டும் கேட்டார்: "மழையிலயும் வெயில்லயும் தினமும் நேரத்துக்கு வந்து வரிசையா உக்காந்து எழுந்து போறான். இதுக்குப் பேரு ஒழுக்கம் இல்லையா?" ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.

1918ல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர் பாடத்தைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பானையைக் காத்தவர்களும் கோட்டுப் போட்டு நேரத்துக்கு வந்தவர்கள்தான். அவர்கள் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நான் அந்தப் பையனிடம் திரும்பிப் போனேன். ஒரு வாரம் ஆகியிருந்தது. வகுப்பின் முன் நின்று என் ஊரையும் காலனியையும் சொன்னேன். இங்கே சேரும்போது ரோட்டுப் பேரைத்தான் சொன்னேன் என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது. பிறகு சொன்னேன்: "இன்டர்வியூவில நீ சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். வீட்டுல அடுப்பு எரியணும், எனக்குத் தெரியும். மறைச்சா அதுக்குப் பேரு தந்திரம். அதை ஒழுக்கம்னு நான் சொல்லிக்குடுத்தது தப்பு."

இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பசித்தவன் தன்னை மறைத்துக்கொள்வதைக் குற்றம் சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் மறைப்பதை நற்பண்பு என்று பாடம் நடத்த எந்த வாத்தியாருக்கும் உரிமையில்லை. மணிக்கணக்குச் சம்பளக்காரன், நாளைக்கே வேலை போகலாம் என்பதெல்லாம் நிஜம். எனக்கும் அடுத்த வருசம் வகுப்பு தரவில்லை, காரணமும் சொல்லவில்லை.

அந்தப் பையனை இருங்காட்டுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் இந்த வருசம் பார்த்தேன். கம்பெனி யூனிஃபார்மில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். இன்டர்வியூவில் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. "ஃபிட்டர் சார் எப்படிக் கீறாரு சார்?" என்றுதான் விசாரித்தான்.