கதவுக்கு உள்ளே போகும் மருந்துப் பை

1991 ஆகஸ்டில், பெங்களூரின் தெற்கு ஓரத்துக் கோணனகுண்டேயில் போலீஸ் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தேடப்பட்ட சிவராசனும் சுபாவும் கூட்டாளிகளோடு உள்ளே இருந்தார்கள். அவர்களை உயிரோடு பிடிக்க வேண்டும் என்பதால் தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்களுக்காகப் போலீஸார் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 20 விடியற்காலையில் உள்ளே நுழைந்தபோது ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள். சிவராசன் தன்னையே சுட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சயனைடு குப்பியைக் கடித்திருந்தார்கள்.

காவல் துறையின் கதையாகவே இது இதுவரை சொல்லப்பட்டுவருகிறது. மருத்துவத்தின் கதையாகவும் இதைப் படிக்க வேண்டும். சயனைடு ஏறிவிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடலின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. மாற்று மருந்து இருக்கிறது. அமைல் நைட்ரைட்டை முகரவைத்து, சோடியம் நைட்ரைட்டையும் சோடியம் தயோசல்ஃபேட்டையும் ஊசி வழியே ரத்தத்தில் ஏற்றுவது பழைய முறை. ஆனால் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தெருமுனையில் நிற்கும் ஆம்புலன்ஸில் அந்த மருந்து இருந்து பயனில்லை. கதவு உடையும்போது முதல் ஆளுக்குப் பின்னாலேயே அது உள்ளே போயாக வேண்டும். அப்படியானால் அதைச் சுமப்பவருக்கு எப்போது தரையில் படுப்பது, யார் சொல்லுக்குக் கட்டுப்படுவது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி ஏந்தியவருக்கும் கீழே கிடப்பவரின் மூச்சைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இந்த இரண்டு அறிவும் சேரும் இடத்தில் ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. 1993இல் சோமாலியாவின் மொகதிஷுவில் நடந்த சண்டை அமெரிக்க ராணுவத்தை உலுக்கியது. சண்டைக்கள மருத்துவத்துக்கான புதிய வழிமுறைகளை ஃபிராங்க் பட்லர் என்ற கடற்படை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்டார்கள். குண்டு பாயும்போது செய்யக்கூடியது வேறு, ஒரு சுவரின் மறைவு கிடைத்ததும் செய்வது வேறு, வண்டியில் ஏற்றிய பிறகு செய்வது வேறு என்று பிரித்ததுதான் அதன் சாரம். முதல் கட்டத்தில் சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதிரியின் துப்பாக்கியை அடக்குவதும், பீறிடும் ரத்தத்தைக் கட்டி நிறுத்துவதும்தான்.

அப்படிக் கட்டும் விதத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். டூர்னிக்கே என்கிற அகலப் பட்டையைக் காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளிச் சுற்றி, அதிலுள்ள குச்சியை ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். காயம்பட்டவர் வலியில் அலறுவார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அதன்மேலேயே எழுத வேண்டும், அறுவை அரங்கில் இருப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும் என்பதால் இதை டாக்டர் வரட்டும் என்று விட்டுவைக்க முடியாது. கான்ஸ்டபிளே செய்தாக வேண்டும்.

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சுடப்பட்ட ஆசிரியர் டேவ் சாண்டர்ஸின் காயங்களை மாணவர்கள் தங்கள் சட்டைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒருவர் ரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதி ஜன்னலிலும் வைத்தார்கள். கட்டடம் முழுவதும் பாதுகாப்பானது என்று உறுதியாகும்வரை மருத்துவ ஊழியர்கள் வெளியே நிற்பதுதான் அன்றைய நடைமுறை. அவர் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் முழு ஆபத்துக்கும் முழுப் பாதுகாப்புக்கும் நடுவே ஓர் இடைப் பகுதி உண்டு, காவலர்கள் முன்னும் பின்னும் நிற்க மருத்துவ ஊழியர்கள் அங்கே போகலாம் என்ற முறை மெல்ல வேரூன்றியது.

அதற்கு ஆள்பலம் வேண்டும். 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் தாக்கிய மும்பை தாஜ் விடுதிக்குள் பெங்களூர்க்காரரான மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், சுடப்பட்ட தன் வீரரை வெளியேற்ற ஏற்பாடு செய்துவிட்டு எதிரிகளைத் தொடர்ந்து போய் உயிரிழந்தார். காயம்பட்டவரைத் தூக்கிச் செல்லும் ஒவ்வொரு கையும் துப்பாக்கியிலிருந்து குறைகிற கை. தூக்கவென்றே பழகிய ஆட்கள் குழுவோடு இருந்தால் அந்த இழப்பு குறையும்.

பெங்களூரின் ஜோகுபாளையத்தில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு வேதனை இருக்கிறது. பக்கத்தில் அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் மையம்; கண்ணிவெடி அகற்றுவது சாப்பர்கள் எனப்படும் அதன் வீரர்களின் தொழில்களில் ஒன்று. இன்னொரு பக்கம் விமானப்படையின் கமாண்ட் ஆஸ்பத்திரி. அல்சூர் போலீஸ், பழைய விமான நிலையச் சாலையின் தனியார் ஆஸ்பத்திரிகள், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எல்லாரும் கிட்டத்திலேயே. தேவையான அறிவு முழுவதும் சில கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. இவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்து, இந்தக் குறுகிய சந்துகளில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிப் பார்த்து ஒத்திகை செய்ய வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் குண்டு வெடித்த பிறகு ஒருவரை ஒருவர் நம்பக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

ஆஸ்பத்திரி வாசலோடும் வேலை முடியாது. பெங்களூரில் தொடர் குண்டுகள் வெடித்தது 2008 ஜூலை 25. மறுநாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன; காயம்பட்டவர்கள் கொண்டுவரப்பட்ட சிவில் ஆஸ்பத்திரியிலேயே அடுத்த குண்டு வெடித்தது. அங்கே சிகிச்சைக்கு ஓடிவந்தவர்களும் செத்தார்கள். சந்துக்குள் மருத்துவருக்குத் துணையாகப் போகும் அதே காவலர் குழு, அவசரப் பிரிவின் வாசலில் நின்று வண்டிகளையும் பைகளையும் சோதிக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரை ஒரு நொடியும் தாமதிக்காமல் அதை எப்படிச் செய்வது என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் அந்தப் பிரிவின் நர்ஸுகள்தான்.